கெட்டும் பட்டணம் சேர்

1921-ஆம் ஆண்டுக் கோடைக்காலம். நியூயார்க் நகரத்தில் மேஸி என்ற மிகப் பெரிய பண்டகசாலை. அங்கே ஒரு விற்பனை மேஜைக்குப் பின்னால் புதிய குமாஸ்தா ஒருவர் நிற்கிறார். வயது 43. பார்க்க லட்சணமான மனிதர். வருகிறவர்களுக்குச் சாமானை எடுத்துக் கொடுப்பதும், எந்தச் சாமானை நோக்கி எவர் கை முதலில் நீளுகிறது என்று கவனிப்பதும்தான் அவருக்கு வேலை. சுமார் இரண்டு மாதம் அந்த வேலையைச் செய்தார்.

அவரிடம் சாமான் வாங்கிக்கொண்டு போன பெண்மணிகளில் சிலராவது, ஆறேழு மாதங்களுக்கு முன்னால் அவர் ஒரு பெண்ணுக்கு அந்தரங்கமாக எழுதிய காதல் கடிதத்தைப் பத்திரிகையில் படித்திருக்கக்கூடும். அந்தக் கடிதத்தை எழுதியவர்தான் பொட்டலத்தை நீட்டுகிறார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திராது.

அந்தக் குமாஸ்தாவின் பெயர் ஜான் பிராடஸ் வாட்ஸன். ஒரு வருஷத்துக்கு முன்புவரை பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் மனோதத்துவப் பேராசிரியர். சாதாரணப் பேராசிரியர் அல்ல. 1915-ல், தமது 37-ஆம் வயதில், அமெரிக்க மனோதத்துவச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். ‘கெட்டும் பட்டணம் சேர்’ என்று நம் ஊரில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பழமொழியைக் கேளாமலே அதன்படி நடந்தவர் இவர். கெட்டார், பட்டணம் சேர்ந்தார், பிழைத்தும் கொண்டார். பிழைத்த பிற்பாடு என்ன ஆயிற்று என்பதைப் பழமொழி சொல்வதில்லை. அதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தெற்குக் கரோலினா மாநிலத்துக் கிராமம் ஒன்றில் 1878-ல் பிறந்தவர் வாட்ஸன். தாயார் பக்தி மிகுந்தவர். பிள்ளை மதபோதகனாக வேண்டும் என்ற ஆசையில் ஒரு பெரிய போதகரின் பெயரையே அவனுக்கு வைத்தார். தகப்பனாரோ பையனுக்குப் பதின்மூன்று வயதாகும்போது குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஏழைப் பையன் படித்தான். சிகாகோ சர்வகலாசாலையில் 1903-ல் டாக்டர் பட்டம் வாங்கினான். அங்கே தம்மிடம் படித்த மேரி ஐக்ஸ் என்ற பெண்ணை மணந்துகொண்டார். பிற்காலத்தில் ரூஸ்வெல்ட்டின் மந்திரி சபையில் உள்நாட்டு இலாகாவை வகித்தாரே, ஹெரால்டு ஐக்ஸ், அவருடைய சகோதரிதான் மேரி. ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையுமாக இரண்டு குழந்தைகள் பிறந்தன. 1908-ல் பால்டிமோருக்கு அழைப்பு வந்தது.

1913-ல் வாட்ஸன் ஒரு சொற்பொழிவில் தம் கொள்கையை வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: மனம், எண்ணம், உணர்ச்சி என்று கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருப்பது விஞ்ஞானம் ஆகாது. மனிதன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். எதைக் கண்டால் எப்படி நடக்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் அவன் நடத்தையை முன்கூட்டியே சொல்லலாம், மாற்றவும் செய்யலாம். மனோதத்துவத்திலிருந்து மனத்தையே வெளியேற்றிவிட்டார் மனிதர்!

இந்தக் கொள்கையை நிரூபிக்க 1919-20-ல் அவர் செய்த சோதனை உலகப் பிரசித்தமானது. பதினோரு மாதக் குழந்தை ஒன்று. ‘ஆல்பர்ட்’ என்று பெயர் கொடுத்திருந்தார்கள். குழந்தைக்கு முன்னால் ஒரு வெள்ளை எலியை விடுவார்கள். குழந்தை ஆசையோடு கையை நீட்டும். அதே சமயத்தில் அதன் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். சில தடவை இப்படிச் செய்ததும், சத்தமே இல்லாமல் எலியைக் கண்டாலே குழந்தை அலற ஆரம்பித்துவிட்டது. பிறகு முயலைக் கண்டும் அழுதது; மயிர்த்தோல் சட்டையைக் கண்டும் அழுதது. பயத்தைக் கற்பித்தவர்கள் அந்தப் பயத்தைப் போக்கிவிடவில்லை. அதற்குள் குழந்தை ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டது.

இந்தச் சோதனையில் அவருக்குத் துணையாக இருந்தவள் ரோஸலி ரேனர் என்ற மாணவி. வயது 21. பால்டிமோரில் பெரிய பணக்காரக் குடும்பத்துப் பெண். அவளுடைய பெரியப்பா சித்தப்பா வரிசையில் ஒருவர் அமெரிக்க செனட் சபையில் அங்கத்தினராக இருந்தவர். ஆராய்ச்சிக்கூடத்தில் ஆரம்பித்த பழக்கம் அங்கேயே நிற்கவில்லை.

மேரிக்குச் சந்தேகம் தட்டியது. இரு குடும்பங்களுக்கும் போக்குவரத்து இருந்தது. ஒரு நாள் ரேனர் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, தலைவலிக்கிறது என்று சொல்லி, சற்றுப் படுத்துக்கொள்ள ரோஸலியின் அறைக்குள் போனாள் மேரி. கணவன் எழுதிய கடிதங்கள் அங்கே அகப்பட்டன. மனம் என்பதே கிடையாது என்று வாதாடிய பேராசிரியர் எப்படிக் காதல் கடிதம் எழுதினார் என்று அறிய உங்களுக்கு ஆவலாக இருக்கும். தமது உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் அவளுக்கே சொந்தம் என்றும், அவளைக் குறித்துத் தம்மிடம் எழும் எதிர்வினைகள் யாவும் அனுகூலமானவையே என்றும் எழுதியிருந்தார். ஆராய்ச்சிக்கூடத்துப் பாஷையில் பிரேமை! சிரிப்பு வருகிறது, வாஸ்தவந்தான். ஆனால் ஒரு மனைவி கதவைச் சாத்திக்கொண்டு அதை வாசிக்கும் காட்சியை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

கடிதங்கள் கோர்ட்டுக்குப் போயின. கோர்ட்டிலிருந்து பத்திரிகைகளுக்குப் போயின. அதற்கு முன்பே, 1920 அக்டோபரில், சர்வகலாசாலைத் தலைவர் குட்நவ் அவரைக் கூப்பிட்டு ராஜிநாமாவைக் கேட்டு வாங்கிவிட்டார். அந்த வருஷத்தில்தான் அவருக்குச் சம்பளத்தை உயர்த்தியிருந்தார்கள். தம்மை அனுப்ப மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம். வருஷக் கடைசியில் விவாகரத்துத் தீர்ப்பாயிற்று. குழந்தைகள் தாயாரோடு போயின. சில நாட்களுக்குள் வாட்ஸன் ரோஸலியை மணந்துகொண்டார்.

அவரை இன்னொரு கலாசாலை எடுத்துக்கொள்ளவில்லை. பாராட்டிய நண்பர்கள் பலர் விலகிக்கொண்டார்கள். ஒன்றிரண்டு பேர்தாம் கைகொடுத்தார்கள். நியூயார்க்கில் அவருக்குத் தங்க இடம் கொடுத்தவர் வில்லியம் தாமஸ் என்ற சமூக இயல் அறிஞர். இதே மாதிரியான ஓர் அபவாதத்தில் 1918-ல் சிகாகோ சர்வகலாசாலை வேலையை இழந்தவர் அவர். பட்டவருக்குத்தானே பட்டவரின் வேதனை தெரியும்?

இந்த நிலையில்தான் விளம்பரத் தொழில் அவரைக் கூப்பிட்டது. ஜே. வால்டர் தாம்ப்ஸன் என்ற பழைய விளம்பரக் கம்பெனி நியூயார்க்கில் இருந்தது. அதன் தலைவர் ஸ்டான்லி ரீஸர். ஒரு சரக்கு ஏன் விற்கிறது, ஏன் விற்கவில்லை என்பதை விஞ்ஞான முறையில் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பியவர். மனித நடத்தையை முன்கூட்டியே சொல்ல முடியும் என்கிற ஒருவர் வேலையின்றி இருக்கிறார் என்றால் விடுவாரா? ஆனால் நற்சாட்சிக் கடிதங்கள் வேண்டுமென்றார். கடிதம் கொடுத்தவர்களில் ஒருவர் டிச்சனர் என்ற மனோதத்துவப் பேராசிரியர். மனிதன் தன் மனத்துக்குள்ளேயே நோக்கி ஆராய வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர் அவர். வாட்ஸனின் கொள்கைக்கு நேர் விரோதி. கொள்கையில் எதிரியாக இருந்தவர் கஷ்டகாலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்த மாதிரிக் காரியங்களைச் சரித்திர புத்தகங்கள் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

பேராசிரியரை ரீஸர் உடனே நாற்காலியில் உட்கார்த்திவிடவில்லை. முதல் வேலை, மிஸிஸிப்பி நதிக்கரையோரமாக ஊர் ஊராகப் போய், ஜனங்கள் எந்த ரப்பர் பூட்ஸை ஏன் வாங்குகிறார்கள் என்று விசாரித்து வருவது. நாடறிந்த அறிஞர் சேறும் சகதியுமான ஊர்களில் பூட்ஸைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு காப்பிப் பொடிப் பெட்டியோடு மளிகைக் கடைகளில் ஏறி இறங்கினார். அப்புறந்தான் நாம் முதலில் பார்த்த மேஸி பண்டகசாலை. வாட்ஸன் முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு பிராணி புதுப் பழக்கம் கற்றுக்கொள்ளும் வேகத்தைக் கோடு போட்டுப் பார்ப்பதில் எவ்வளவு சுவாரஸ்யம் உண்டோ, அவ்வளவு சுவாரஸ்யம் ஒரு புதுச் சரக்கின் விற்பனைக் கோடு ஏறுவதைப் பார்ப்பதிலும் உண்டு என்று பிற்காலத்தில் எழுதினார். 1924-ல் கம்பெனியின் உபதலைவர்களில் ஒருவரானார். பேராசிரியராக அவர் கனவிலும் கண்டிராத சம்பளம்.

அவர் சொன்னதாவது: மனிதனுக்குப் பிறவியில் வரும் உணர்ச்சிகள் மூன்றே மூன்று. பயம், கோபம், அன்பு. சரக்கை விற்க வேண்டுமானால் இந்த மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். ஜான்ஸன் குழந்தைப் பவுடருக்குச் செய்த விளம்பரம் இதற்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது. சரக்கு சுத்தமானது என்று சொன்னால் போதாது. சுத்தமில்லாவிட்டால் குழந்தைக்கு என்னென்ன ஆபத்து வரும் என்ற கவலையைத் தாயின் நெஞ்சில் கிளப்ப வேண்டும். முதல் குழந்தை பெற்ற இளந்தாய் சுலபமாகக் கவலைப்படுவாள். பாட்டி சொல்வதில் நம்பிக்கை குறைந்து, டாக்டர் சொல்வதை நாடும் காலமும் அது. ஆல்பர்ட்டின் தலைக்குப் பின்னால் அடித்த இரும்புக் கம்பியின் ஓசை இதில் கேட்கவில்லையா? நம் வீடுகளிலும் குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசும்போது எத்தனை பேர் இதை நினைத்திருப்போம்? அதே தாம்ப்ஸன் கம்பெனி 1929-லேயே பம்பாயில் ஆபீஸ் திறந்துவிட்டது.

இன்னொரு சோதனையும் செய்தார். சிகரெட் பிடிப்பவர்களை அழைத்து, இன்ன சிகரெட் என்று தெரியாதபடி கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். ‘என் சிகரெட்டின் ருசியே வேறு’ என்று சத்தியம் பண்ணுகிறவர்களால் தங்கள் சிகரெட்டை அடையாளம் சொல்ல முடியவில்லை. ஆக, மனிதன் புகையைப் பிடிக்கவில்லை, பெயரைப் பிடிக்கிறான். சரக்கு எல்லாம் ஒன்றுதான். பெயரைச் சுற்றி நாம் எதைக் கட்டிவைக்கிறோமோ அதுதான் விலை போகிறது.

இந்த உண்மையை வாட்ஸனைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவர் பெயரைச் சுற்றிப் பத்திரிகைகள் ஒன்றைக் கட்டின, வேலை போயிற்று. அதே பெயரைச் சுற்றி விளம்பரக் கம்பெனி வேறொன்றைக் கட்டியது, வேலை வந்தது. மனிதர் என்னவோ ஒருவர்தான்.

பிற்காலத்தில் அந்தக் கம்பெனியின் பழைய கட்டுகளைப் புரட்டிப் பார்த்த சரித்திர ஆசிரியர்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். விளம்பர உலகத்தையே வாட்ஸன் மாற்றிவிட்டார் என்று சொல்லப்பட்டதெல்லாம் மிகை. பிரமுகர்களின் நற்சாட்சியைப் போட்டுச் சரக்கு விற்கும் வழக்கம் அவர் வருவதற்கு முன்பே இருந்தது. ஆபீஸ்களில் காப்பிக்கு இடைவேளை விடும் பழக்கத்தை அவர்தான் உண்டாக்கினார் என்பதற்கும் தக்க ஆதாரம் இல்லை. அவர் பெரும்பாலும் செய்த காரியம் என்னவென்றால், வியாபாரிகள் சங்கங்களில் பேசுவது, ரேடியோவில் பேசுவது, பத்திரிகைகளில் எழுதுவது, பெரிய கட்சிக்காரர்களோடு விருந்துண்பது. ‘எங்களிடம் ஒரு விஞ்ஞானி இருக்கிறார்’ என்று காட்டுவதற்கு அவர் அங்கே இருந்தார். சரக்குகளை விளம்பரம் செய்ய வந்தவர் தாமே ஒரு விளம்பரமாகிவிட்டார்.

வீட்டுக்கு வருவோம். ரோஸலிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவளும் கூட உழைத்த புத்தகம் 1928-ல் வெளிவந்தது. குழந்தை வளர்ப்பைப் பற்றியது. குழந்தைகளைக் கட்டி அணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், மடியில் வைத்துக் கொஞ்சாதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று அது தாய்மார்களுக்கு உபதேசித்தது. அபாரமாக விற்றது. எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார்கள் கையை மடக்கிக்கொண்டு, அழுகிற குழந்தையைத் தூரத்திலிருந்து பார்த்தார்களோ! அடுத்த ஆண்டு, இன்னும் 50 வருஷத்தில் ஆண்கள் கல்யாணமே செய்துகொள்ள மாட்டார்கள் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். ஜனங்கள் வாதாடினார்கள், வாதாடினால் விற்பனைதானே?

1930 டிசம்பரில் ரோஸலி ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினாள். இப்படிப்பட்ட கொள்கைக்காரரின் பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பது எப்படி என்பது விஷயம். கணவரின் விஞ்ஞானத்துக்குத் தான் தலைவணங்குவதாகச் சொல்லிவிட்டு, சில விஷயங்களில் தன் மனம் இன்னும் முரண்டு பிடிக்கிறது என்றும் ஒப்புக்கொள்கிறாள். ஒரு கவிதையையோ நாடகத்தையோ கண்டு தன் பிள்ளைகளுக்குக் கண்ணில் நீர் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். நயமாக, சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறாள். ஆனால் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு ஒரு பெண் ஊரறியச் சிரித்துக்கொண்டு சொல்வது எப்போதும் சிரிப்புக்காக மட்டும் அல்ல.

1935-ல் வயிற்றுக்கடுப்பு கண்டு ரோஸலி இறந்துபோனாள். வயது 36. எவளுக்காகப் பதவியும் பெயரும் குடும்பமும் போயினவோ அவள் பதினைந்து வருஷந்தான் கூட இருந்தாள். வாட்ஸன் பிறகு மணம் செய்துகொள்ளவில்லை. குடி அதிகமாயிற்று. பிள்ளைகளை வெளியூர்ப் பள்ளிக்கூட விடுதிகளுக்கு அனுப்பினார். தாம்ப்ஸன் கம்பெனியை விட்டு வில்லியம் எஸ்டி என்ற வேறொரு விளம்பரக் கம்பெனிக்குப் போய் 1945 வரையில் உத்தியோகம் பார்த்தார். பிறகு கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டில் ஒதுங்கிவிட்டார். குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதும் அளவுக்குத் தமக்கு அன்று விஷயம் தெரிந்திருக்கவில்லை என்று 1936-ல் அவரே எழுதியிருக்கிறார். விற்றுப்போன பிரதிகளைத் திரும்ப வாங்க முடியுமா?

சரித்திரத்தில் ஒரு மூலையில் நிற்கும் மேரியையும் மறக்கக்கூடாது. அந்தக் கடிதங்கள் அச்சேறியபோது அவமானப்பட்டவர் பேராசிரியர் மட்டுந்தானா? அவர் பட்டணம் சேர்ந்தார். புதுச் சம்பளம், புது மனைவி, புதுப் பெயர். மேரிக்குச் சேர வேறு பட்டணம் இல்லை. அவளுடைய மகள் வயிற்றுப் பேத்தி மாரியட் ஹார்ட்லி பிற்காலத்தில் பெயர் பெற்ற நடிகையானாள். பாட்டனாரின் கொள்கை தன் தாயார் மூலமாகத் தன் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது, கொஞ்சப்படாத பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதை 1990-ல் ஒரு புத்தகமாக எழுதினாள். ரோஸலியின் மூத்த பிள்ளை மனநோய் வைத்தியராகி, தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். இதையெல்லாம் ஒருவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. எந்தக் குடும்பத்துத் துயரத்துக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. ஆயினும் கைகுலுக்கல் எத்தனை தூரம் போதும் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

1957-ல் அமெரிக்க மனோதத்துவச் சங்கத்துக்கு அவர் ஞாபகம் வந்தது. அவருடைய தொண்டைப் பாராட்டித் தங்கப் பதக்கம் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். 37 வருஷத்துக்கு முன் கதவைச் சாத்திய உலகம் கதவைத் திறந்தது. கிழவர் பண்ணையை விட்டு நியூயார்க்குக்குப் புறப்பட்டு வந்தார். விழா நேரம் நெருங்கியது. கடைசி நிமிஷத்தில், தம்மால் வர முடியாது என்று சொல்லி, பிள்ளையை அனுப்பிப் பதக்கத்தை வாங்கிக்கொள்ளச் செய்தார். சபையில் எல்லார் முன்னிலையிலும் தாம் அழுதுவிடுவோமோ என்று பயந்தாராம்.

சாவதற்குச் சில காலம் முன்பு, தம்மிடம் இருந்த கடிதங்களையும் காகிதங்களையும் எல்லாம் எரித்துவிட்டார். ஒரு தடவை தம் கடிதம் ஊரார் கைக்குப் போனது போதும் என்று நினைத்தாரோ, என்னவோ! 1958 செப்டம்பரில், 80-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய கொள்கை சரியா தவறா என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். கதை எழுதுகிறவனுக்கு வேறு கணக்கு. மேஸி பண்டகசாலையில் தலைகுனியாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்த மனிதரிடம் எனக்கு மதிப்பு உண்டு. பெரிய சம்பளத்துக்குத் தாய்மார்களின் பயத்தை விலைபேசிய மனிதரிடம் இல்லை. ஆனால் பதக்கம் கொடுத்த தினத்தன்று மேடைக்கு வராமல் போனாரே, அந்தக் கிழவரை மட்டும் நேரில் பார்த்திருக்கலாமே என்று தோன்றுகிறது. மனம் என்று ஒன்று இல்லையென்று ஆயுள் முழுவதும் சொன்னவர், அன்று அதற்குப் பயந்துகொண்டுதானே வீட்டுப் பிள்ளையை அனுப்பினார்?